பபியோலாவின் கையில் ஒட்டியவை

தேர்மாதாபுரத்தில் பபியோலாவின் மேல் முதன்முதலாக ஒட்டியது ஒரு சாளை மீனின் செதில். அது எல்லார் மேலும் ஒட்டுவதுதான், கடற்கரை ஊரில் செதில் ஒட்டாத முழங்கை கிடையாது, ஆகவே அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்து ஒட்டியது குழம்புச் சட்டியின் மூடி, அதற்கடுத்து ஒரு கோழி இறகு, அதற்கும் அடுத்து, ஞாயிறு பூசைக்குப் போகிற வழியில் சுவரிலிருந்து கழன்று பறந்து வந்த ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், செத்துப்போன பெரியவரின் சிரித்த முகம் வெளியே தெரிய அவளுடைய இடது தோளில் படிந்து, அவள் பீடத்தருகே போய் நன்மை அப்பம் வாங்கித் திரும்பி வரும்வரை விழாமல் இருந்தபோதுதான், பின் பெஞ்சில் முழங்காலிட்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, "பபியோலாவுக்கு ஒட்டுது" என்றார்கள், இன்னாருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்வதைப் போல.

இது ஆரம்பித்தது பபியோலா தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில்தான் என்பது அவளுடைய தம்பி பெண்டாட்டி ஜெசிந்தாவுக்குத் தெரியும், ஏனென்றால் கூடப் போனது ஜெசிந்தாதான். பாளையங்கோட்டையில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்பதால், அந்தக் குடும்பத்தில் யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன என்றாலும், டாக்டர் பேசுகிற இங்கிலீஷை வாங்கித் தமிழில் இறக்கி வைக்கிற வேலை அவளுடையதாகிவிட்டது. டாக்டர் சுகுணவதி தமிழே பேசினாலும் ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று அவள் மாமியார், பபியோலாவைப் பெற்ற விசேந்தியம்மாள் சொல்லியிருந்தாள்.

"உங்க கர்ப்பப்பையோட உள்தோல் மாதிரியே இருக்கிற திசு வெளியில போய் எங்கெங்கேயோ ஒட்டியிருக்கும்மா," என்றார் டாக்டர். "சினைப்பையில, குடல்ல, மூத்திரப்பை மேல. மாசாமாசம் அதுவும் சேர்ந்து ரத்தம் விடுது. அந்த வலிதான் உங்களுக்கு. ஒவ்வொரு செல் மேலயும் பிடிச்சுக்கிறதுக்குன்னு சில மூலக்கூறுகள் இருக்கு, சின்னச் சின்னக் கைன்னு வச்சுக்கோங்க. ஒட்டக் கூடாத இடத்துல அந்தக் கை இறுக்கிப் பிடிக்குது. கரு வந்து உக்கார வேண்டிய நாள்ல, உள்ளே, இருக்க வேண்டிய கை இல்ல. கரு வருது, தொடுது, பிடிக்க ஆளில்லாம நழுவிடுது. இப்படித்தான்னு நாங்க நினைக்கிறோம். முழுசாத் தெரியாது."

பபியோலா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தா இதை மாமியாரிடம் இறக்கி வைத்தாள். "ஒட்டுறது மாறிப் போயிருக்கு மாமி. வேண்டாத இடத்துல ஒட்டுது, வேண்டிய இடத்துல ஒட்டல."

மகளின் தோளில் அப்போது ஒட்டியிருந்த தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டே விசேந்தியம்மாள் கேட்டாள், "அதுக்குத்தான் இப்ப வெளியயும் ஒட்டுதாக்கும்?"

கன்னியர் மடத்து அறிவியல் பாடத்தில் அது வராததால் ஜெசிந்தாவும் கூடச் சேர்ந்து நார் பிய்த்தாள், ஊரும் அதற்கு மேல் காரணம் கேட்கவில்லை. ஒரு பெண்ணுக்குப் பிள்ளை ஏன் இல்லை என்று கல்யாணமான மறு மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்த ஊர், அவள் மேல் சட்டி மூடி ஏன் ஒட்டுகிறது என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை; அதனால் தனக்கு என்ன பிரயோசனம் என்று யோசிக்கத்தான் அதற்கு நேரம் சரியாக இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது அவள் புருஷன் கஸ்பார். அவனுடைய பைபர் படகின் அடியில் ஒரு கீறல், எத்தனை தடவை அடைத்தாலும் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தது. சாப்பாடு கொண்டுவந்த பபியோலா கால் தடுக்கிப் படகின் வயிற்றில் கையை ஊன்ற, அவள் கையைப் பிய்த்து எடுத்தபோது கீறல் இல்லை. மறுநாள் காலையில் அவள் வீட்டு வாசலில் வரிசை நின்றது, ஒழுகுகிற வாளியோடும், அறுந்த செருப்போடும், கால் உடைந்த மூக்குக்கண்ணாடியோடும், இரண்டாகப் போன பல் செட்டைக் கைக்குட்டையில் பொதிந்து வைத்துக்கொண்டும். கோயில் உபதேசியார், புனித அந்தோணியார் சுரூபத்தின் உடைந்த விரலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். சலேத்தம்மா தன் புருஷனையே கூட்டிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, "இந்தக் கைலியையும் சேரையும் சேத்து ஒரு தொடு தொட்டு விடு தாயி, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் இவன் குடிக்கப் போகாம வீட்டுல இருக்கட்டும்" என்று கெஞ்சி, அவனும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாற்காலியோடு நடந்து, நாற்காலியோடு பூசை கண்டு, திங்கட்கிழமை காலையில் கைலியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடியதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. பங்குச்சாமியார் ஞாயிறு அறிவிப்புகளின் கடைசியில், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வதற்கும் இளைஞர் கூட்டத்துக்கும் பிறகு, பபியோலாம்மாவைப் பொழுது சாய்ந்த பிற்பாடு யாரும் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று வாசித்தார்.

கல்யாண வீட்டுக்காரர்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள். தாலியைப் பபியோலா ஒரு தடவை தொட்டுக் கொடுத்தால் அந்தக் கல்யாணம் பிரியாமல் நிலைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் மணவறைக்கு முன்னால் அவளை யாரும் உட்கார வைக்கவில்லை, ஏனென்றால் பிள்ளையில்லாதவள் கண்ணில் பட்டால் ஆகாது என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள், தேர்மாதாபுரத்துக்காரர்களுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் நம்புவதில் எந்தச் சிரமமும் இல்லை. பிள்ளைகளை மட்டும் ஒருத்தரும் அவளிடம் கொண்டுவரவில்லை. அவள் தெருவில் எதிரே வந்தால் தாய்மார்கள் இடுப்பிலிருந்த பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொள்வார்கள், மரியாதையாக, இந்த இடுப்பு வலிக்கிறதே என்பதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

பொழுது சாய்ந்ததும் ஜெசிந்தா தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுபோய் மைனி பபியோலாவின் முதுகிலும் கையிலும் ஊறவைத்து, அன்றைக்கு ஒட்டியதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுப்பாள், ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் துணுக்குகளையும், வலை நூலையும், யாருடையதென்று தெரியாத ஒரு சட்டைப் பொத்தானையும். எடுத்த இடமெல்லாம் சிவந்து கிடக்கும். மாதவிலக்கு நாட்களில் ஒட்டுவதும் அதிகம், எடுப்பதும் கஷ்டம்; அப்போது பபியோலா தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருப்பாள்.

இந்த எண்ணெய் தடவுகிற நாட்களில்தான் ஜெசிந்தா முழுகாமல் இருந்தாள். கேட்காமல் வந்த பிள்ளை அது. அதே சமயத்தில்தான் பபியோலாவுக்கு ஆஸ்பத்திரியில் கரு வைத்து அனுப்பியிருந்தார்கள். முன்னால் வைத்தவை எல்லாம் நழுவிப் போயிருந்தன, "இதோட முடிச்சுக்குவோம், இனி என் உடம்பு தாங்காது" என்று அவள் கஸ்பாரிடம் சொல்லிவிட்டாள். வாசலில் வரிசை நிற்கக் கூடாதென்று கஸ்பார் கதவில் பலகையை அறைந்து வைத்திருந்தான். அந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் ஜெசிந்தாவுக்கு ரத்தம் பட்டது.

ஆஸ்பத்திரியில் துடிப்பு இருக்கிறது, ஆனால் பலமாக இல்லை என்றார்கள், படுத்திருங்கள், பார்ப்போம் என்றார்கள். ஜெசிந்தா படுக்கவில்லை. மாமியார் மீன் ஏலக்கூடத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அடுத்த வீட்டுப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு போய், மல்லாந்து படுத்திருந்த மைனியின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மைனி, ஒரே ஒரு தடவை. கையை மட்டும் வைங்க. ஊருக்கெல்லாம் வைக்கீங்கல்ல. நின்னுச்சுன்னா நீங்கதான் தலைதொட்டம்மா, மாதா மேல சத்தியமா."

தலைதொட்டம்மா என்றால் ஞானத்தாய். தேர்மாதாபுரத்தில் ஞானஸ்நானம் முடிகிறவரை அவள் உள்ளங்கை பிள்ளையின் உச்சந்தலையில் இருக்க வேண்டும், தொட்டவளுக்குப் பிள்ளை மேல் பாதி உரிமை.

பபியோலா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று ஜெசிந்தா பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். "கதவைச் சாத்து" என்று சொல்லி எழுந்து உட்கார்ந்து, ஜெசிந்தாவின் சேலையை விலக்கி, அடிவயிற்றில் கையை வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை. இரண்டு பேரும் கோயிலில் சாயங்காலச் சந்தியா மணி அடிக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், மணியடித்ததும் கை தானாக விட்டது. ஜெசிந்தாவுக்கு ரத்தம் நின்றது. பபியோலாவின் கரு அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டது.

எழுந்து உட்கார்ந்ததாலோ நடந்ததாலோ கரு போகாது, அப்படி யாரும் மனதை வதைத்துக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் சுகுணவதி சொன்னார். அதை வாங்கி மைனிக்குச் சொன்னதும் ஜெசிந்தாவேதான், சொன்ன வாய் நம்பவில்லை. இருந்தது ஒரே ஒரு பிடிப்பு, அது மைனியின் பிள்ளைக்கு வைத்திருந்தது, அதைப் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தான் எடுத்துக்கொண்டதாக அவள் நம்பினாள். மாமியாரோ மாதாவுக்கு நேர்ச்சையாக மெழுகில் பிள்ளை செய்து வைத்து, "மாதா கை குடுத்துட்டா" என்று தெருவெல்லாம் சொன்னாள். ஜெசிந்தா ஆமென்று தலையாட்டினாள்.

பிள்ளை பிறந்தான். கறுத்து, நீளமாக, கோபக்காரனாக. ஜெசிந்தா அவன் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தால் அது வந்த வழியை நினைத்தாள், ஒரு நொடி வராவிட்டால் திருப்பி வாங்க ஆள் வந்துவிட்டது என்று நினைத்தாள். கொசுவலைக்குள் காற்று வந்தால் பயம், காற்று வராவிட்டால் பயம். எண்ணெய் தடவ மைனி வீட்டுக்குப் போவதை, பச்சை உடம்பு என்று சொல்லி நிறுத்திவிட்டாள். உடம்பு காய்ந்த பிறகும் போகவில்லை.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபோது, "தலைதொட்டம்மா யாரு?" என்று விசேந்தியம்மாள் மீன் அரிந்துகொண்டே கேட்டாள்.

"அக்காதான், வேற யாரு," என்றான் ரெமிஜியுஸ், பபியோலாவின் தம்பி, பிள்ளையின் அப்பன்.

ஜெசிந்தா அடுப்பைப் பார்த்தபடி, சத்தமே இல்லாமல், "கை ஒட்டிக்கிட்டா?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அரிவாள்மனையில் மாமியாரின் கை நின்றது. பெற்ற மகளுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசக் கூசிக்கொண்டிருந்தவளுக்கு மருமகள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் குழாயடியில் அந்தக் கேள்வி குடம் குடமாக நிரம்பியது: தலையில் ஒட்டினால் எப்படி எடுப்பது, உச்சிக்குழி மூடாத மண்டை அல்லவா, எண்ணெய் விட்டால் வருமா, வராவிட்டால் பபியோலாவைப் பிள்ளையோடு சேர்த்தே வைத்துக் குளிப்பாட்ட வேண்டியதுதானா. ஐஸ் பேக்டரிக்காரர் சம்சாரம் டெல்பின் தலைதொட்டம்மா என்று முடிவாயிற்று.

பபியோலா கோபத்தோடு வருவாள் என்று ஜெசிந்தா காத்திருந்தாள்; வந்தால் அழுதுவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள். பபியோலா வாசற்படிக்கு வெளியே நின்று, பிள்ளையை எட்டிப் பார்க்காமல், "நல்லதுதான்ட்டி. டெல்பின் கையில மோதிரம் நெறைய. பிள்ளைக்குக் குளிரும், அதை மட்டும் கழட்டச் சொல்லு" என்றாள். போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம். பபியோலா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் வெள்ளைத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள், அடிபட்டவளைப் போல, யாரும் பயப்பட வேண்டாம் என்று அவளாகவே செய்துகொண்ட ஏற்பாடு. டெல்பின் மோதிரங்களைக் கழற்றவில்லை. "கழட்டினா வீங்கிக்கிடும், திரும்பப் போடுறது கஷ்டம்," என்று சொல்லிப் பிள்ளையின் தலைக்கு மேல் கையை நீட்டினாள்.

பங்குச்சாமியார் கேட்டார், சாத்தானை விட்டுவிடுகிறீர்களா. விட்டுவிடுகிறோம் என்றார்கள் ரெமிஜியுஸும் டெல்பினும். அவனுடைய செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா. விட்டுவிடுகிறோம். அவனுடைய பொய்களையும் விட்டுவிடுகிறீர்களா. பள்ளிக்கூடத்தில் ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா இரவுதோறும் மெழுகுவர்த்தியோடு நின்று எல்லாருக்கும் முந்திக்கொண்டு இந்தப் பதிலைச் சொன்னவள் ஜெசிந்தா. இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. சாமியார் அவளைப் பார்த்தார். மறுபடி கேட்டார். உபதேசியார் செருமினார். நாக்கு வந்தபோது வேறு வார்த்தை வந்தது.

"மைனிய வரச் சொல்லுங்க."

"ஏட்டி, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றாள் மாமியார்.

"மாமி, இந்தப் பிள்ளை நின்னது மெழுகுப் பிள்ளையால இல்ல. மைனி கையால. நான்தான் போய்க் கேட்டேன். அவங்க கரு வச்சுப் படுத்திருந்தப்ப எழுப்பிவிட்டுக் கேட்டேன்."

டெல்பின் கையை இழுத்துக்கொண்டாள். கடைசி பெஞ்சிலிருந்து பபியோலா எழுந்து வந்தாள், வருகிற வழியில் எவர் சேலையும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி வந்து, ஞானஸ்நானத் தொட்டிக்கருகே நின்று, பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். துணி கையை விட்டு வர மறுத்தது, பிய்த்துத்தான் எடுத்தாள். "ஒட்டிக்கிடும்ட்டி" என்றாள் மெதுவாக. "ஒட்டட்டும் மைனி" என்றாள் ஜெசிந்தா.

உள்ளங்கை உச்சந்தலையில் இறங்கியது. தண்ணீர் ஊற்றினார்கள், எண்ணெய் பூசினார்கள், லியாண்டர் என்று பெயர் வைத்தார்கள், அவன் கோயிலே அதிரக் கத்தினான். ஆமென் சொன்னதும் எல்லாருடைய கண்ணும் அந்தக் கையில் இருந்தது. பபியோலா கையை எடுத்தாள். வந்துவிட்டது. ஒரு முடிகூட இழுபடாமல், வாழையிலையிலிருந்து தண்ணீர் வழிவதைப் போல, வந்துவிட்டது.

"ஒட்டல! ஒட்டல!" என்று கூட்டம் கைதட்டியது. ஜெசிந்தா அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். நீளமான மூச்சு. கைதட்டலுக்கு நடுவிலும் அது பபியோலாவுக்குக் கேட்டுவிட்டது என்பதை அவள் முகத்தில் கண்டாள்.

கூட்டம் பிரியாணிக்குப் போனது. பபியோலா எதிர்ப்பக்கம் நடந்து, கோயிலுக்குப் பின்னால் அலை தடுக்கப் போட்டிருந்த பாறாங்கற்களில் போய் உட்கார்ந்தாள். ஜெசிந்தா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"இப்ப நிம்மதியா?" என்றாள் பபியோலா கடலைப் பார்த்துக்கொண்டு.

"மைனி, உங்க பிள்ளைக்கு இருந்தத நான்..."

"நிறுத்து. டாக்டரம்மா சொன்னத நீதான எனக்குச் சொன்ன? எந்திரிச்சதுனால போகல. அது போறதுக்குத்தான் வந்துச்சு."

"மன்னிச்சிருங்க மைனி."

"கேக்காத. கேட்டா நான் சரின்னு சொல்லணும். கோயில் பக்கத்துல வச்சுக் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்ல?" பபியோலா கையைப் பிசைந்துகொண்டாள். பிறகு, யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னாள். "வாரவங்க வாளியும் செருப்பும் எனக்கெதுக்கு? ஒன்னும் எனக்கு வேணும்னு இல்ல, அதான் அத்தனையும் ஒட்டுது. வேணும்னு நெனச்சது எதுவும் என்கிட்ட நின்னதில்ல. எனக்கு இது ரொம்ப நாளாத் தெரியும். அன்னைக்கு நீ வந்து தரையில உக்காந்தப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? எனக்கு நிக்காதது இவளுக்கும் நிக்கக் கூடாதுன்னு தோணுச்சு. கூடாது, கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் கைய வச்சேன். அதான் அப்படி ஒட்டுச்சு."

அலை கற்களுக்கிடையே புகுந்து வெளியே போனது.

"எடுக்கவும் முடியாம, அவன் உள்ள துடிக்கிறது என் கையில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மணியடிக்கிற நேரம், சரி, இருந்துட்டுப் போகட்டும், பாவம்னு நெனச்சேன். கை விட்டுட்டு. அதுக்குள்ள அவன் நல்லா உக்காந்துட்டான்." அவள் திரும்பினாள். "இன்னைக்கு ஏன் ஒட்டலன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

ஜெசிந்தாவின் கைகள் பிள்ளையைச் சுற்றி இறுகின. இத்தனை மாதமாகத் தான் ஒருத்தியே சுமப்பதாக நினைத்த குற்றத்துக்கு இன்னொருத்தி பங்குக்கு வந்துவிட்டாள், அதனால் அது பாதியாகவும் குறையவில்லை, அதற்குப் பதிலாக ஒரு புதுப் பயம் வந்து சேர்ந்தது: தன் பிள்ளை சாக வேண்டும் என்று நினைத்த பெண் இதோ ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், அவன் உயிரோடு இருப்பதும் அந்த நினைப்பால்தான்.

"இப்பச் சொல்லு," என்றாள் பபியோலா. கையை நீட்டவில்லை, மடியில்தான் வைத்திருந்தாள். "தலைதொட்டம்மாகிட்ட பிள்ளையத் தருவியா, மாட்டியா?"

தர வேண்டும் என்று ஜெசிந்தாவின் மனசு சொன்னது, கைகள் கேட்கவில்லை. அவை அவனோடு ஒன்றாக வார்த்ததைப் போல இருந்தன. ஒரு கையை மறு கையால் பிரிக்க வேண்டியிருந்தது, விரல் விரலாக. பிரித்து, குனிந்து, ஈரத் தலையோடு அவனை அந்த மடியில் இறக்கினாள். இறக்கிய பிறகும் நிமிர முடியவில்லை.

"தலையைத் தாங்கிப் பிடிங்க மைனி. கழுத்து நிக்காது அவனுக்கு."

"பிடிச்சிருக்கேன்ட்டி," என்றாள் பபியோலா. "நீ கையை எடு."